சதுரத்துக்குள் நின்ற செடிகள்

நான் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் ரயில் பாதையோரம் ஒரு வெறும் நிலம் இருக்கிறது. அங்கே புல்லு வெட்டித் துப்புரவு செய்வது என் வேலை. ஒவ்வொரு ஜூனிலும் ஒரு பெண் வருவாள். மெலிந்தவள், முழங்கை எல்லாம் கீறல். எங்கள் தமிழ் ஆள்தான்; செடிகளைப் பற்றி ஆராய்கிறவள். ஒரு கம்பிச் சதுரத்தை நிலத்தில் வைத்துக் குப்புறப் படுப்பாள். அதற்குள் நிற்கும் சாம்பல் நிறச் செடிகள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, அது நிற்கும் இடத்தைத் தாளில் வரைந்து இலக்கம் போடுவாள். போன வருடம் நின்றது இந்த வருடம் செத்திருந்தால் அந்த இலக்கத்தின் மேல் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. பன்னிரண்டு வருடமாக இதே சதுரம்.

“புல்லுக்கும் பதிவோ, பிள்ளை?” என்று கேட்டேன்.

“உங்களுக்குத்தான் அண்ணை எல்லாம் புல்லு. இதுக்குள்ள மட்டும் மெஷினை விட்டிடாதேங்கோ.”

“ஓம்” என்றேன்.

இந்த வருடம் வந்த புது மேற்பார்வையாளர், அந்தச் சதுரத்துக்குள் நிற்பதையும் வேரோடு வழித்தெடு, இல்லையென்றால் நாளைக்கு வராதே என்றார். வழித்தேன். இரண்டு நிமிடமும் எடுக்கவில்லை.

அடுத்த நாள் அவள் வந்தாள். அழவில்லை. வெறும் மண்ணில் குப்புறப் படுத்து, எல்லா இலக்கத்துக்கும் புள்ளடி போட்டாள்.

“தெரிஞ்சுதானே செய்தனீங்கள்?”

“ஓம்.”

“இவ்வளவு நாளும் செத்ததுக்கெல்லாம் ‘காரணம் தெரியாது’ எண்டுதான் எழுதினனான். இந்த முறை தெரியும். உங்கட பேரைச் சொல்லுங்கோ.”

எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டினாள். சரியாக இருந்தது. இந்த நாட்டில் என் பேரைப் பிழையில்லாமல் எழுதியவள் அவள் ஒருத்திதான்.