மனைவி வேஷம் கட்டியவர்

ஆம்பூரில், பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது, அங்கே வேலை செய்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சிரிப்பு நாடகம் போட்டோம். பெரிய யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நாடகத்தை எழுதியது நான். புருஷன் வேஷமும் எனக்குத்தான்.

கதை சின்னது. ஒரு புருஷனுக்குப் பேச்சு காதில் விழாது, பாட்டு மட்டும்தான் விழும். அதனால் அவன் பெண்டாட்டி சோறு ஆறிப்போகிறது என்பதைக்கூட ராகம் போட்டுப் பாடித்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது காட்சியில் திருடன் வந்து பானை சட்டிகளைத் தூக்குகிறான். அவள் பதறிப்போய்த் திருடன் திருடன் என்று பாடுகிறாள். புருஷனோ, தாளம் தப்புகிறது, முதலிலிருந்து பாடு என்கிறான். அவ்வளவுதான் கதை. எல்லாம் அந்தப் பெண்டாட்டியின் குரலில் இருந்தது.

பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கிற ஒரு பாய் எங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தார். அவர்தான் அந்தக் குரலைக் கண்டுபிடித்தவர். வண்டியிலிருந்து காய்ந்த தோல்களை இறக்கிக் கிடங்குக்குத் தூக்கிப் போகிற ஆள் ஒருவர் வேலை செய்துகொண்டே பாடுவார். சேரிக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் கீர்த்தனை பாடிப் பழகிய தொண்டை. எழுத்து தெரியாது. ஆனால் பாய் ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வார். இங்கே அவர் என்று எழுதுகிறேன். அந்தக் காலத்தில் நான் அவன், இவன் என்றுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டை அடுக்கிய கொட்டகையில் ஒத்திகை பார்ப்போம். அவர் முறை வரும்வரை வாசலுக்கு வெளியே நிற்பார். குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே சுரைக்குடுக்கையில் கொண்டுவருவார். அப்படிச் செய் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. முதல் ஒத்திகையில், மனைவி புருஷனின் கையைப் பிடிக்கிற இடம் வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டார்.

"புடிக்கலாமா ரைட்டரய்யா?"

"நாடகத்துலதானே, புடி" என்றேன்.

அவர் கை மரப்பலகை மாதிரி இருந்தது. எவ்வளவு கழுவினாலும் தோல் வாடை போகாத கை.

நாடகத்துக்கு வேலூர் நாடக சபைக்காரர்கள் நாலு பேரை நான் அழைத்திருந்தேன். தோல் நாறுகிற இடத்தில் சங்கீதம் எங்கிருந்து வரும் என்று அவர்களில் ஒருவர் முன்பு என் முகத்துக்கு நேரே சொன்னவர். அவர் வந்து உட்கார்ந்து கேட்டு வாயடைத்துப் போக வேண்டும் என்று நான் ராப்பகலாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாடகத்துக்கு ஏழெட்டு நாள் முன்னால் மாதனூர்ப் பக்கத்திலிருந்து நிறையத் தோல் வந்து இறங்கியது. மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்து சாகின்றன, அடைப்பான் நோய் கண்டிருக்கிறது என்று வண்டிக்காரன் சொன்னான். செத்த மாட்டுத் தோல் எங்களுக்குப் புதிதில்லை. நான் கேட்டுக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். எங்கள் பாட்டுக்காரர் வழக்கம்போல் அந்தத் தோல்களைத் தோளிலும் கழுத்திலும் போட்டுத் தூக்கினார்.

புதன்கிழமை காலையில் ஆபீஸ் ஜன்னலண்டை வந்து நின்றார்.

"கழுத்துல இன்னாவோ வந்துருக்குதுய்யா. கொஞ்சம் பாருங்க."

துண்டை விலக்கிக் காட்டினார். காதுக்குக் கீழே சுற்றிலும் சிறு கொப்புளங்கள், நடுவில் சுட்டுக் கரிந்தது போல் கறுப்பாக ஒரு வட்டம், காலணா அகலத்துக்கு.

"வலிக்குதா?"

"வலி இல்லய்யா. அதான் பேஜாரா இருக்குது. இத்தினி பெருசா இருக்குது, தொட்டா ஒண்ணுமே தெரியல. வேலூர் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நட போய்ட்டு வந்துடட்டுமா? லீவு குடுத்தீங்கன்னா இப்பவே கெளம்பிடுவேன்."

"போனா அங்கயே படுக்க வச்சிடுவாங்க. வெள்ளிக்கெழம நாங்க இன்னா பண்றது? வேஷத்துக்கு வேற ஆள் யாரு இருக்கா? நாடகம் முடியட்டும். சனிக்கெழம நானே ரயிலேத்தி அனுப்புறேன்."

அவர், "சரிங்கய்யா" என்று துண்டைப் போர்த்திக்கொண்டு கிடங்குப் பக்கம் போய்விட்டார். நான் மறுபடி என் காகிதங்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

பட்டை தீப்பிடிக்கும் என்று கொட்டகைக்குள் விளக்கு ஏற்ற முதலாளி சம்மதிக்கவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், மூன்று மணிக்கே நாடகம் என்று ஏற்பாடு. அவர் வந்தபோது கழுத்து வீங்கித் தாடையோடு ஒன்றாகியிருந்தது. உடம்பு லேசாக நடுங்கியது. வேஷம் போட்டுவிட வேலூரிலிருந்து வந்தவர், அவரைத் தொட மாட்டேன் என்று பவுடரையும் மையையும் ஒரு தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். நான்தான் அவருக்கு முகம் எழுதினேன். கறுத்த இடத்தின் மேல் பவுடரை அப்பினேன். அது நிற்காமல் உதிர்ந்தது. மறைப்பதற்கு அட்டிகையைக் கட்டப் பார்த்தேன். இரண்டு முனையும் சேரவில்லை. ஒரு நூலைக் கட்டிச் சேர்த்தேன்.

பாய் வந்து எட்டிப் பார்த்தார். என்னைத் தனியே இழுத்துப் போனார்.

"ரைட்டரே, இது நல்லால்ல. நிறுத்திடுங்க."

"கூட்டம் வந்து உக்காந்துட்டுது பாய்."

"உக்காந்தா எழுந்து போவாங்க."

நான் பாடுகிறவரிடமே திரும்பிப் போய்க் கேட்டேன். "பாடுவியா, மாட்டியா?"

"பாடுறேன்ய்யா. என் பொஞ்சாதி வந்துகீது. நான் பொம்பள வேஷத்துல எப்படி இருப்பேன்னு பாக்கணும்னு ஆசையா வந்துகீது" என்றார். சிரிக்கப் பார்த்தார். வீக்கத்தில் வாய் ஒரு பக்கம்தான் அசைந்தது.

முதல் இரண்டு காட்சிகளும் நன்றாகவே போயின. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, ஆனாலும் சுருதி விலகவில்லை. வேலூர்க்காரர்கள் முன்வரிசையில் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அதைப் பார்த்து நான் மிதந்துகொண்டிருந்தேன்.

திருடன் வந்தான். அவர் பாட வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. சீட்டி அடிப்பது போல் ஒரு மெல்லிய சத்தம் மட்டும் வந்தது. கூட்டம் அதை நாடகம் என்று நினைத்துச் சிரித்தது. நான் என் வசனத்தைச் சொன்னேன்.

"தாளம் தப்புது! மொதல்லேருந்து பாடு!"

அவர் மறுபடி முயன்றார். கண்கள் பிதுங்கின. கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டார். சிரிப்பு இன்னும் ஜாஸ்தியானது. ஒரு தடவைதான் சொல்ல வேண்டிய வசனம் அது. சிரிப்பு வந்ததால் இரண்டாம் தடவையும் சொன்னேன். மூன்றாம் தடவையும் சொன்னேன். அவரால் முடியவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் சொன்னேன் என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் தெரியும்.

பாய் ஆர்மோனியத்தை அப்படியே விட்டுவிட்டு மேடை மேல் ஏறி வந்தார். அதற்குள் பாட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டார். கை நெருப்பாகக் கொதித்தது. திரையை இழுத்தார்கள். வெளியே கைதட்டல் ஓயவில்லை.

பாயும் பாட்டுக்காரரின் மனைவியும் அவரை வண்டியில் தூக்கிப் போட்டு ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். புடவையைக்கூட அவிழ்க்க நேரமில்லை. மேலே ஒரு வேட்டியைப் போர்த்தினார்கள். நான் கூடப் போகவில்லை. வேலூர்க்காரர்களை உபசரித்து அனுப்ப வேண்டியிருந்தது. "பெண் வேஷம் பிரமாதம். இந்த ஆளை எங்கே பிடித்தீர்?" என்று கேட்டார், முன்பு என்னைக் குத்திப் பேசியவர். நான் ஏதோ பதில் சொன்னேன்.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். முகத்தில் நான் போட்ட மை ஒரு பக்கம் அழியாமல் இருந்தது. மத்தியானம் உயிர் போய்விட்டது.

தோலிலிருந்து தொற்றிய அடைப்பான் என்றார் டாக்டர். "இந்தக் கட்டி எப்போது வந்தது? யாருமே பார்க்கவில்லையா? இரண்டு நாள் முன்னால் கொண்டு வந்திருந்தால் அறுத்து எடுத்து மருந்து கொடுத்திருக்கலாமே" என்று எங்கள் மூவரையும் பார்த்துக் கேட்டார். இறந்தவரின் மனைவி அழுதுகொண்டிருந்தார். பாய் என்னைப் பார்த்தார். பாய்க்கு வெள்ளிக்கிழமை விஷயம் மட்டும்தான் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரமே இன்னொரு தூக்குக் கூலி முழங்கையில் கறுப்புக் கட்டியோடு ஜன்னலண்டை வந்தான். அவனை அந்த நிமிஷமே ரயிலேற்றினேன். பத்துப் பதினைந்து நாளில் பிழைத்துத் திரும்பி வந்துவிட்டான். அவன் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் போய்விடுவேன்.

நாங்கள் பிறகு நாடகம் போடவில்லை. பாய் வேலை விஷயமாக மட்டும் என்னிடம் பேசினார். மழைக்காலம் வந்தபோது இறந்தவரின் மனைவி எங்கள் ஷாப்பிலேயே வேலைக்குச் சேர்ந்தார், சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து மயிர் வழிக்கிற இடத்தில். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"ஒண்ணு கேக்கணும்ய்யா. நாடகத்துக்கு முன்ன, புதன்கெழம, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் ஊட்ல இருந்து கெளம்புனாரு. உங்ககிட்ட லீவு கேட்டுட்டுப் போறேன்னாரு. சாயங்காலம் பாத்தா, வேல செஞ்சுட்டு வந்து நிக்கிறாரு. ஏன் போவலன்னு கேட்டா ஒண்ணும் சொல்லல. நீங்க இன்னா சொன்னீங்க?"

"எங்கிட்ட வரவே இல்லியேம்மா" என்றேன். "வந்திருந்தா அனுப்பிருப்பேனே."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கைகளில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. நம்பினாரா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அப்டீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் நான் அங்கே இருந்தேன். அந்த அம்மாள் தினமும் என் ஜன்னலைக் கடந்துதான் வேலைக்குப் போவார். திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் எழுந்து வாசல்வரை போயிருக்கிறேன். ஒரு நாளும் கூப்பிடவில்லை. பிறகு வேலூரில் வேறு வேலை கிடைத்து வந்துவிட்டேன்.