கெசியா உடைத்த கிண்ணங்கள்

முன்னோர்களைத் தேடி எங்கள் காப்பகத்துக்கு வருகிறவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருக்கும். தங்கள் வம்சத்தில் ஒரு பிரபுவோ கப்பல் தளபதியோ அகப்பட மாட்டாரா என்று. இருபத்திரண்டு வருஷம் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் அந்த வாசிப்பு அறையில் பழைய பதிவேடுகளைத் தூக்கிக் கொடுத்தவள் நான். தன் கொள்ளுப்பாட்டி குடிகாரியாக இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டு வந்த ஒரே ஆள் ஏவிஸ்தான்.

ஏவிஸ் லார்ட்டர் என்னோடு படித்தவள். கல்யாணமாகி, கணவன் டெனிஸ் போய்ச் சேர்ந்து, மகள் லோர்னாவுக்கும் கல்யாணம் ஆன பிறகும் ஊருக்கு அவள் லார்ட்டர் வீட்டு ஏவிஸ்தான். இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடத்தில் சமையல். தினம் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்த கை. மதுவை ஒரு சொட்டுக்கூடத் தொட மாட்டாள். ஏழு வயதில் மெதடிஸ்ட் கோயிலில் ‘மது தொட மாட்டேன்’ என்று கையெழுத்துப் போட்ட அட்டை, கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் சமையலறைச் சுவரில் தொங்கியது. கிறிஸ்துமஸ் புட்டிங்கில் பிராந்தி ஊற்றியிருக்கிறார்களா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கரண்டியை எடுப்பாள். நாங்கள் கேலி செய்வோம். அவள் சிரிக்க மாட்டாள்.

அவள் அப்பா வால்ட்டர் தெருவில் தள்ளாடி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பின்னாலேயே போய் அவரைப் போல நடந்து காட்டுவோம். ஆமாம், அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பேச்சுக் குழறி, கரண்டி பிடிக்க முடியாமல், ஐம்பத்திரண்டு வயதில் செத்துப் போனார். குடி என்றார்கள். அவருடைய அப்பா எஃப்ராயிம் மனநோய் விடுதியில் செத்தார். அதுவும் குடிதான் என்றார்கள். லார்ட்டர் வீட்டுச் சாபம் குடி, அட்டையில் கையெழுத்துப் போட்டவள் தப்பித்தாள். ஐம்பத்தாறு வயது வரை ஏவிஸ் இந்த நம்பிக்கையில்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவன் அவள் தம்பி க்ளைவ். தொண்ணூற்றாறாம் வருஷக் கோடையில் அவன் கைகால்கள் அவன் சொல்பேச்சுக் கேட்காமல் ஆடத் தொடங்கின. வாயில் நுழையாத ஒரு நோயின் பெயரை மருத்துவர் சொன்னார். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வருவது, பாதிக்குப் பாதி வாய்ப்பு, நிறுத்த மருந்து கிடையாது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். க்ளைவ் நன்றாகவே குடிக்கிறவன். எனக்கு வந்திருப்பது குடி, வேறு எந்த இழவும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான். ஏவிஸும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் லோர்னா அப்போது முழுகாமல் இருந்தாள். நான் போய் ரத்தம் கொடுக்கட்டுமா அம்மா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு, பழைய காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் ஏவிஸ். ஆரம்பத்திலிருந்தே குடிதான் என்று எங்காவது எழுதியிருந்தால் போதும். மகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் பயமில்லை.

அக்டோபரில் வந்து உட்கார்ந்தாள். வாரம் இரண்டு நாள். எஃப்ராயிமின் அம்மா பெயர் கெசியா. 1871-ல் புருஷன் செத்ததும் நான்கு பிள்ளைகளோடு ஏழை விடுதியில் சேர்க்கப்பட்டதாகச் சேர்க்கைப் பதிவேடு சொன்னது. நாதியற்றவர்கள் போய் அடையும் இடம் அது. உள்ளே போனால் விடுதிச் சீருடை, விடுதிச் சோறு, பூட்டிய கதவு. கெசியா அங்கே என்ன செய்தாள் என்பதைத் தண்டனைப் புத்தகம்தான் சொல்லும். அது தையல் விட்டுப்போய்ப் பழுதுபார்க்கப் போயிருந்தது. அதுவரை கையில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். ஒவ்வொரு பக்கம் புரட்டும்போதும் அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது என் மேஜை வரை கேட்கும்.

எங்கள் அறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். பள்ளியில் பரிசு வாங்கிய கையெழுத்து ஏவிஸுடையது. பிப்ரவரியில் ஒருநாள் அவள் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தேன், கோழி கிளறிய மாதிரி இருந்தது. “ஏண்டி, இதெல்லாம் ஒரு எழுத்தா? தர்ஸ்டன் டீச்சர் பாத்தா கல்லறையிலேருந்து எழுந்து வந்து அடிப்பா” என்று சீண்டினேன்.

“ரூம் குளிருதுடி” என்றாள். பதிவேடுகளுக்காக அறையைக் குளிராகத்தான் வைத்திருப்போம். நானும் நம்பிவிட்டேன்.

மார்ச் மாதம் புத்தகம் திரும்பி வந்தது. விடுதி மேலாளரின் எழுத்து கொடுமையாக இருந்ததால் நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் படித்துச் சொன்னேன். கெசியா லார்ட்டர், கிண்ணம் உடைத்தாள், ஒரு நாள் வெண்ணெய் கிடையாது. கெசியா லார்ட்டர், கிண்ணம் உடைத்தாள், திட்டினாள், இரண்டு நாள் கிடையாது. மூன்றாவது பதிவு 1872 நவம்பர். ஜெப நேரத்தில் நிலையாக நில்லாமல் ஆடினாள், குடித்திருக்கிறாள்.

ஏவிஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “குடிச்சிருக்காடி. நெஜமாவே குடிச்சிருக்கா” என்றாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. பக்கத்து மேஜைக் கிழவர் எங்களை முறைத்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடியிருக்கலாம். வேலைப் பழக்கம், கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது, வாயும் கூடவே போனது.

“டிசம்பர். மீண்டும் அதே குற்றம். படுக்கையும் உடைகளும் சோதிக்கப்பட்டன. மது எதுவும் அகப்படவில்லை. இவள் வெளியே போனதில்லை, இவளைப் பார்க்க எவரும் வந்ததில்லை.”

கடைசி வார்த்தைகளை நான் சரியாகப் படித்தேனா என்று எனக்கே தெரியாது. ஏவிஸின் விரல்கள் என் மணிக்கட்டில் அப்படியே இருந்தன. அவை தாமாகவே இறுகின, தளர்ந்தன, மறுபடி இறுகின. அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

புத்தகத்தைப் பார்த்தபடியே ஏவிஸ் பேசினாள்.

“எங்கம்மா என்னைத் தோட்டத்துக் கொட்டகைக்கு அனுப்புவாடி. அப்பா பாட்டிலை எங்க ஒளிச்சு வச்சிருக்காருன்னு பாத்துட்டு வான்னு. பூச்சட்டி, உருளைக்கிழங்கு மூட்டை, பலகைக்கு அடியில, எல்லா எடத்துலயும் தேடுவேன். நாலு வருஷம் தேடினேன். ஒண்ணுகூட கெடைக்கல. மனுஷன் கெட்டிக்காரர், நல்லா ஒளிச்சிருக்கார்னு நெனச்சேன்.”

மீதியைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னும் ஆறு கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் வெண்ணெய் நிறுத்தம், இரண்டு முறை தனியறை. கடைசிப் பதிவு 1875. கிண்ணம் பிடிக்க இயலவில்லை, ஊட்டிவிட ஒருத்தி அமர்த்தப்பட்டாள். கெசியாவுக்கு அப்போது நாற்பது வயது.

“லோர்னா இதைப் படிக்கணும்” என்றாள் ஏவிஸ். “ஒரு எழுத்து விடாம. படிச்சிட்டு, ரத்தம் குடுக்கறதா வேணாமான்னு அவளே முடிவு பண்ணட்டும். நான் இனிமே பொறுன்னு சொல்லக் கூடாது.”

நகலெடுக்க அந்தப் புத்தகத்தை இயந்திரத்தில் வைக்கக் கூடாது, தையல் தாங்காது. கையால்தான் எழுத வேண்டும். வெள்ளைத் தாளையும் பென்சிலையும் அவள் முன்னால் நகர்த்தினேன். அவள் பென்சிலைப் பார்த்தாள், எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“நீ எழுதுடி” என்றாள். “என் எழுத்து அவளுக்குப் புரியலையாம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலேருந்தே சொல்லிக்கிட்டு இருக்கா.”

நான் எழுதினேன்.