அத்திப்பால் காயும் நேரம்

ஒன்பது மாதமாகக் குழாய்க்காரர் வலது பக்கமாகவே மென்று தின்றார். இடது கடைவாய்ப் பல்லில் விழுந்த ஓட்டை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரைக்கும் ஆணி அடித்தது. ஊரில் பல் டாக்டர் ஒருவர்தான். செத்தாலும் அவரிடம் போகமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார் இவர்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்வாங்க," என்றாள் மனைவி, தையல் மிஷினை மிதித்தபடி. "உங்களுக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுக்கக்கூட வழியில்லையே."

"அவன் கை என் வாய்க்குள்ள வரக் கூடாது."

"வந்தாக் கடிச்சு வச்சிருங்க. இந்த மாதிரி சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்?"

அவர் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

மலை மேல் ஊற்றிலிருந்து ஊர்த் தொட்டி வரை ஆறு கிலோமீட்டர் குழாய், பதினொரு வால்வு. இருபத்திரண்டு வருஷமாக, விடிந்ததும் ஸ்பானரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி, மதியத்துக்குள் இறங்குவதுதான் அவர் வேலை. எங்கே கசிகிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அவர் எழுதுவது இப்படி இருக்கும்: 'மூன்றாம் வால்வு, லேசான கசிவு. பக்கத்துப் பாறையில் பெரணி புதிதாகச் சுருள் விரிக்கிறது. ஐந்தாம் வால்வு சரி. மரங்கொத்தி ஜோடி திரும்பி வந்துவிட்டது.'

"யோவ், இது கசிவுப் பதிவேடா, கல்யாணப் பத்திரிகையா?" என்று மேலாளர் ஒருநாள் கத்தினார். "குருவி முட்டை போட்டா ஆபீஸ் என்னய்யா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாம இருந்தாப் போதும் சார்."

அப்படிப்பட்ட மனுஷன் வாழ்க்கையில் செய்த ஒரே ஒரு தப்பு, போன வருஷம் ஒரு சனிக்கிழமை பல் டாக்டரை ஏழாம் வால்வுக்குக் கூட்டிப் போனது. டாக்டருக்குக் கேமரா பைத்தியம். முழங்கை நீள லென்ஸ் வைத்திருந்தார். வால்வுக்குப் பின்னால் உள்ள கல்சுவர் இடுக்கில் நீல ஈப்பிடிப்பான் கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகள். சுவரில் முளைத்த காட்டத்திச் செடியின் அகல இலைகள், கூட்டுக்கு முன்னால் திரை மாதிரி தொங்கின. அந்த மேற்குச் சரிவில் மதிய வெயில் இரும்பைக் காய்ச்சும். இலை இருந்ததால் கூடு குளிர்ந்திருந்தது. முப்பத்தோரு நாளாக இவர் தினமும் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போவார். பெண்சாதிக்குக்கூடக் காட்டாத கூடு அது.

"என்ன அழகு! குழாய்க்காரரே, நீங்க பெரிய ஆளுதான்," என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தைக்கு இவர் மயங்கிப்போனார். அதை நினைத்தால் பல்லைவிட அதிகமாக இப்போது வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இவருக்கு விடுமுறை. திங்கட்கிழமை போய்ப் பார்த்தபோது அத்திக் கிளைகள் இல்லை. அடியோடு சாய்வாக வெட்டப்பட்டு, வெட்டு முனைகள் கறுத்திருந்தன. வெயில் நேரே கூட்டுக்குள் இறங்கியிருந்தது. குஞ்சுகள் மூன்றும் திறந்த வாய் திறந்தபடி விறைத்துக் கிடந்தன. அலகில் பூச்சியோடு தாய்ப்பறவை வந்தது, போனது, மறுபடி வந்தது. ஊட்ட வாய் இருந்தது, வாங்க உயிர் இல்லை.

"ஞாயித்துக்கிழமை நான் திரும்பப் போனப்பவே அப்படித்தாங்க இருந்துச்சு. ஆடு கடிச்சிருக்கும்," என்றார் டாக்டர், ஒரு கண் சிமிட்டல்கூட இல்லாமல். சாட்சி கிடையாது. இயற்கை மன்றத்தில் போய்ச் சொன்னால், செயலாளர், "அப்ப ஆட்டு மேல ஒரு புகார் எழுதிக் குடுங்க," என்று சிரித்தார். அந்த ஞாயிறு டாக்டர் எடுத்த கூட்டுப் படத்துக்கு ஒரு போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. பத்திரிகையில் வந்தது. வருகிற ஞாயிறு மன்றத்துக்குத் தலைவராகவும் ஆகப் போகிறார் டாக்டர்.

அதற்கு முந்தின வாரம்தான் குழாய்க்காரருக்குக் கன்னம் வீங்கி, இடது கண் பாதி மூடிக்கொண்டது. மனைவி பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"அடடே, குழாய்க்காரரா! கடைசியில நம்ம வீட்டுக்கும் வந்துட்டீங்களே," என்றார் டாக்டர் முகம் மலர. நாற்காலியைச் சாய்த்தார், ஊசி போட்டார். "வாயை நல்லாத் திறங்க."

மல்லாந்து கிடந்தவர் கண்ணுக்கு நேரே, கூரையில், அந்தப் படம். நோயாளிகள் வலி மறந்து பார்ப்பதற்காக ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார். நீலப் பறவையும், மூன்று திறந்த வாய்களும். கீழே நாற்காலியில் நாலாவது வாய். அவமானத்தில் கண்ணை மூடப் போனவர், மூடவில்லை. படத்தின் இடது ஓரத்தில் ஏதோ இருந்தது. பத்திரிகையில் வந்த படத்தில் அந்த ஓரத்தை வெட்டியிருந்தார்கள். இது முழுப் படம். லேசாக மங்கலாக, இரண்டு அத்திக் கிளைகளின் வெட்டு முனை. முனையில் வெள்ளை வெளேரென்று இரண்டு சொட்டுப் பால்.

மிஷின் பல்லைக் குடைந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அத்திப்பால் வெட்டின சூட்டில்தான் வெள்ளையாக நிற்கும். கொஞ்ச நேரத்தில் மஞ்சளித்து, பழுப்பேறி, கறுத்துவிடும். கத்தரியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்த கைதான் இந்தப் படத்தை எடுத்திருக்க வேண்டும். பறவையைப் பார்த்த மடையன் செடியைப் பார்க்கவில்லை.

பஞ்சை எடுத்ததும், மரத்துப்போன உதட்டோடு குழறினார். "தாக்தர், இந்தப் பதம் ரொம்பப் பிரமாதம். பேப்பர்ல வெத்தித்தாங்க. மன்றத்துல இதையே தொங்கவிதுங்க. முழுசா."

டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. "பாருங்க, உங்களுக்குத் தெரியுது! அப்படியே பண்ணிருவோம். இப்போ தற்காலிகமாத்தான் அடைச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை வந்தா முடிச்சிரலாம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவளுடைய துணி வெட்டும் கத்தரிக்கோலால் ஒரு காகிதத்தை வெட்டினால்கூட வீடு இரண்டாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அதை அவளே எடுத்து, துண்டில் சுற்றிக் கொடுத்தாள்.

"நல்லா முனை தீட்டி வச்சிருக்கேன். ஒரே வெட்டா வெட்டுங்க."

மன்றம் கூடும் நூலக அறையில் நாற்பது நாற்காலியும் நிறைந்திருந்தது. சுவரில் படம். அதற்குக் கீழே மேசையில், தன் கொல்லையிலிருந்து கொண்டுபோன அத்திக்கன்றைத் தொட்டியோடு வைத்தார் குழாய்க்காரர். "மன்றத்துக்கு என்னோட அன்பளிப்புங்க." கைதட்டினார்கள். அவர் துண்டைப் பிரித்துக் கத்தரிக்கோலை எடுத்து, இரண்டு கிளைகளைச் சாய்வாக வெட்டினார். பால் சொட்டியது.

"என்னய்யா, குடுத்த கையோட வெட்டுறே?" என்றார் செயலாளர்.

"ஒரு சந்தேகம்தான் சார். நான் பேசுறதுக்கு ஒண்ணுமில்ல. டாக்டர் பேசி முடிக்கட்டும்."

டாக்டர் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு அது குழாய்க்காரருக்கு வரமாக இருந்தது. "ஒரு இலைகூட அசையாம எடுத்தேன்," என்று டாக்டர் சொன்னபோது பால் மஞ்சளித்தது. "தாய்மையை நான் தொந்தரவு பண்ணல," என்றபோது பழுப்பானது. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த குழாய்க்காரர் கண் எடுக்காமல் அதையே பார்த்தார். அடுப்பில் வைத்த பால் பொங்குவதைப் பார்ப்பது போல.

முக்கால் மணி நேரம் கழித்து முதலில் எழுந்தது, கல்லூரியில் தாவரவியல் நடத்தும் அம்மா. அவர்தான் அதுவரை மன்றத் தலைவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். பிறகு படத்துக்கு மூக்கு முட்டக் கிட்டே போனார்.

"டாக்டர், நீங்க போறப்பவே கிளை இல்லன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா. ஆடு…"

"இதுல பால் இன்னும் வெள்ளையா இருக்கே. இந்தத் தொட்டியில பாருங்க, கறுத்தே போச்சு."

பின்னாலிருந்து யாரோ, "கத்தரிக்கோல் பிடிக்கிற ஆடு போலிருக்கு," என்றார். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தாவியது. பெரிய சிரிப்பு செயலாளருடையது.

டாக்டர் முகம் சுண்ணாம்பானது. "ஏய், நீதானய்யா என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினே!"

"ஆமா, நான்தான்," என்றார் குழாய்க்காரர் எழுந்து. "அந்தப் பாவத்துக்கு ஒன்பது மாசமா ஒத்தைப் பக்கமா மென்னுட்டேன். உங்க கணக்கு இன்னிக்குத்தான் ஆரம்பிக்குது."

தலைவர் பதவி அந்த அம்மாவிடமே நின்றது. பரிசைத் திருப்பித் தரச் சொல்லி அன்றைக்கே கடிதம் எழுதினார்கள். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் பக்கவாசல் வழியாகப் போனார்.

செவ்வாய்க்கிழமை குழாய்க்காரர் சட்டையை மாட்டினார்.

"எங்க?" என்றாள் மனைவி. "அவன்கிட்டயா? கையில மிஷின் வச்சிருப்பான், தெரியுமா? அடிவாரத்துக்கு பஸ் இருக்கு. மூணு மணி நேரம். வேற டாக்டர்கிட்டப் போங்க."

"அங்க போனா நான் பாக்க வேண்டியதை யாரு பாக்குறது?"

டாக்டர் வாங்க என்று சொல்லவில்லை. நாற்காலியைச் சாய்த்தார். ஊசியை எடுத்தபோது குழாய்க்காரர் கையைக் காட்டி வேண்டாம் என்றார். மல்லாந்து, வாயைத் திறந்து, மேலே பார்த்தார்.

கூரை வெறுமையாக இருந்தது. பசை ஒட்டியிருந்த நாலு மூலைத் தடம் மட்டும்.

மிஷின் சுற்றியது. கண்ணில் நீர் முட்டிக் காதுப் பக்கம் வழிந்தது. அவர் அந்த நாலு தடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

இல்லை என்று தலையாட்டினார்.

வேலை சுத்தம்தான், அதில் குறை சொல்ல முடியாது. நாற்காலி நிமிர்ந்தது. டாக்டர் தண்ணீர் டம்ளரை நீட்டினார். குழாய்க்காரர் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொப்புளிச்சுத் துப்புங்க."

கொப்புளித்துத் துப்பினார். வாயில் ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் டாக்டரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை, நிதானமாகத் துப்பினார்.