ஊவன்னாவுக்கு ஒரு வீடு

பொன்னாத்தாளுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. புதுச்சத்திரத்துப் பெண்கள் பள்ளிக்கு அவள் டீச்சராக வந்த 1934ஆம் வருஷம், அவளுக்கென்று ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அதன்மேல் குடையையும் சோற்றுத் தூக்கையும் வைத்துவிட்டு, மாலை மணி அடிக்கும்வரை பிள்ளைகளின் வரிசைக்கு நடுவே நடந்துகொண்டிருப்பாள். பிள்ளைகளும் சிலேட்டைப் பிடித்தபடி அவள் போகும் பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பப் பழகிவிட்டார்கள்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ராசிபுரத்துக்குத் தெற்கே மானாவாரிக் காட்டில் கம்பும் கடலையும் போட்ட குடும்பம் அவளுடையது. கல்யாணமான சில வருஷங்களிலேயே கணவன் காலராவில் போய்விட்டான். மாமியார் வீட்டில் யாரும் அவளைக் கடிந்து பேசவில்லை. வேளைக்குச் சோறும் படுக்க ஒரு மூலையும் கொடுத்தார்கள். அந்த மூலைதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டுவாள். இறைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடியும் இறைப்பாள். சேலத்தில் பெண்களுக்கு டீச்சர் வேலை சொல்லிக்கொடுக்கிறார்களாம், போகட்டுமா என்று ஒருநாள் மாமனாரிடம் கேட்டாள். அவர் ஈரமாகக் கிடந்த கிணற்றடியைப் பார்த்தார்.

"போய்ட்டு வா சாமி. இங்கயே இருந்தா நீ கெணத்தை வத்த வெச்சிருவே."

அப்படித்தான் அவள் படித்து, பயிற்சி முடித்து, புதுச்சத்திரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பட்டணத்தில் அச்சடித்த படப்புத்தகம் இருந்தது. பக்கத்துக்கு ஓர் எழுத்து, அதற்கு ஒரு படம், படத்துக்குக் கீழே அதன் பெயர். பொன்னாத்தாளுக்கே அதைப் புரட்டப் பிடிக்கும். கப்பலும் திராட்சைக் கொத்தும் ஒட்டகமும் அவளும் நேரில் பார்த்ததில்லை. பார்க்காத சாமானைப் படத்தில் காட்டிச் சொல்லிவிடலாம். சிக்கல் பார்த்த சாமானில்தான் வந்தது.

செல்லியம்மாள் என்று ஒரு பெண். பண்ணையில் வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை, படு சூட்டிகை. அவள் விரலைப் பிடித்து இலைப் படத்தில் வைத்து, பொன்னாத்தாள் கேட்டாள்.

"இது என்ன கண்ணு?"

"எலைங்க."

"அப்ப என்ன எழுத்து?"

"எனாவுங்க."

"இல்ல. இனா. இலை."

செல்லியம்மாள் டீச்சர் முகத்தைப் பார்த்து "இலை" என்றாள். பிறகு குனிந்து படத்தைப் பார்த்து "எலை" என்றாள்.

உரல் படத்தைக் காட்டினால் ஒரல் என்றார்கள். ஓணானைக் காட்டினால் ஒடக்கான் என்றார்கள். கடைசியில் ஒருநாள் ஓட்டு வீடு ஒன்றின் படத்தைக் காட்டி, முதல் எழுத்தை எழுதுங்கள் என்றாள். வகுப்பே "ஊ" என்று எழுதிக் காட்டியது. சுழியும் காலும் பிசகாமல் அழகாக எழுதியிருந்தார்கள். அவர்கள் ஊரில் வீடு என்று யாரும் சொல்வதில்லையே, ஊடுதான். படத்தைப் பார்த்தார்கள், வாயால் சொல்லிப் பார்த்தார்கள், காதில் விழுந்த எழுத்தை எழுதினார்கள். அதில் தப்பு என்று எந்தப் பிள்ளையை அடிப்பது?

அன்றிலிருந்து பொன்னாத்தாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாய்க்கும் ஏட்டுக்கும் ஒரே எழுத்தாக வரும் சாமான்களைத் தேட ஆரம்பித்தாள். ஆடு, எலி, ஏணி இவையெல்லாம் சுலபமாகக் கிடைத்தன. உனாவுக்கு உரலை விட்டுவிட்டு உறியைப் பிடித்தாள். ஒட்டகம் இருந்த பக்கத்துக்கு ஒடக்கானே வந்தது. இனாதான் அகப்படவில்லை. இஞ்சியை வரைந்தால் மஞ்சள் என்றார்கள், இட்டிலியை வரைந்தால் நிலா என்றார்கள். அடுப்பில் பானையை வைத்துவிட்டு யோசனையாக வெளியே போய்விடுவாள். சோறு அடிப்பிடித்த வாசனை பக்கத்து வீடுவரை போகும். சேலம் போகும் பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்த பெண்களையெல்லாம் கேட்டாள். கண்டக்டரையும் விடவில்லை.

"இனாவுல தொடங்கற சாமான் ஒண்ணு சொல்லுங்க. பேசறப்பவும் இனாவே வரணும்."

"இடிங்க."

"இடியைப் படமா எப்படிங்க போடறது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நீங்க எறங்கற எடம் வந்திருச்சு" என்றார் கண்டக்டர்.

பஸ் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இறங்குகிற இடம் என்ற இரண்டு சொல்லும் அவர் வாயில் எனாவாகிவிட்டிருந்தன. நடுரோட்டில் நின்று சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் மறுபடியும் பரபரப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் சொந்த ஊருக்குப் போயிருந்தபோது, இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட வண்டித்தடத்தில் நடக்கையில், காலுக்கடியிலேயே அந்தச் சொல் கிடந்தது. இட்டேரி. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தினமும் நடக்கும் தடம் அது. வேலியும் தடமும் தூரத்தில் ஒரு மாட்டுவண்டியுமாக அங்கேயே உட்கார்ந்து வரைந்தாள்.

வரைந்த தாள்களைச் சுருட்டிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சுக்கூடத்துக்குப் போனாள். அங்கே அம்மாசி என்பவர் மரக்கட்டையில் படம் செதுக்கிக்கொண்டிருந்தார். நெய் டின்களுக்கும் பட்டுச்சேலைப் பெட்டிகளுக்கும் ஒட்டுகிற லேபிள்கள் அவர் கைவேலை. உளியைப் பிடித்தாரானால் கண்ணிமைகூட ஆடாத மனிதர். பொன்னாத்தாளோ அவர் முதுகுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நடப்பாள்.

"டீச்சரம்மா, நீங்க நடந்தா வெளிச்சம் ஆடுதுங்க" என்பார்.

மாவன்னாவுக்கு மாடு செதுக்கினார். அது கழுத்தில் மாலையோடு, கொழுகொழுவென்று, சிரித்த முகமாக வந்தது.

"இது நெய் டின்னு மாடுங்க. எங்க ஊரு மாட்டுக்கு எலும்பு தெரியும்" என்றாள் பொன்னாத்தாள்.

"மாலை இல்லாம மாடு போட்டு எனக்குக் கை பழகலீங்களே."

அவரைச் சந்தைக்குக் கூட்டிப்போய் ஒரு காலை முழுதும் மாடுகளுக்கு நடுவே நிறுத்திவிட்டாள். திரும்பி வந்து அவர் செதுக்கிய மாட்டுக்கு ஈ ஓட்டும் வாலும் ஒடுங்கிய வயிறும் இருந்தன.

ஊவன்னாவுக்கு அவள் கொடுத்திருந்தது ஊசி. அச்சில் அது வெறும் கோடாகத் தெரிந்தது. அம்மாசி காட்டினார். பொன்னாத்தாள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். பிறகு, கடைசிப் பக்கத்தில் வீ எழுத்துக்காகச் செதுக்கி வைத்திருந்த வீட்டுப் படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"இதையே ஊவன்னாவுக்கும் போட்டிருங்க. கீழே ஊடுன்னு எழுத்துக் கோத்திருங்க."

அம்மாசி உளியைக் கீழே வைத்தார். "அச்சுல ஊடுன்னு போடலாமுங்களா?"

"சாயங்காலம் வேலை முடிஞ்சா நீங்க எங்க போவீங்க?"

"ஊட்டுக்குத்தான்."

"அப்பப் போடுங்க."

பின்னட்டையில் தன் டின்னின் படத்தைப் போடுவதென்றால் செலவை ஏற்பதாக ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர் ஒத்துக்கொண்டார். புத்தகம் வந்தது. புதுச்சத்திரத்துப் பிள்ளைகள் அதைத் தரையில் விரித்துப் போட்டுச் சுற்றிப் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். "இது யாரு ஊடுங்க?" என்று செல்லியம்மாள் கேட்டாள். யார் வீடாகவும் இருக்கட்டும், அந்த வருஷம் வகுப்பில் எல்லோரும் தீபாவளிக்குள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

பள்ளிகளைச் சோதிக்க வந்த ஜானகியம்மாள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகள் படிப்பதைக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். அன்றும் மலர்ந்தது. புத்தகத்தைக் கையில் வாங்கி ஊவன்னா பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது அச்சுப்பிழையா?"

"இல்லீங்க. நான் சொல்லித்தான் போட்டாங்க. கடைசிப் பக்கத்துல வீடுன்னும் இருக்குதுங்க."

"பொன்னாத்தாள், குழந்தை வாயிலே வர்றதை வீட்டிலேயே கத்துக்கறது. நாம எதுக்கு இருக்கோம்? அச்சிலே இருக்கறது எல்லாம் சரின்னு குழந்தை நம்பும். நாளைக்கு இதையே எழுதினா, சிரிக்கப்போறது அதைப் பார்த்துத்தான், உங்களைப் பார்த்து இல்லை."

"இந்தப் பக்கம் இல்லீன்னா பிள்ளை கடைசிப் பக்கத்துக்கே வராதுங்களே."

ஜானகியம்மாள் பேனாவைத் திறந்தார். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் புத்தகத்துக்கு அனுமதி உண்டு என்று எழுதினார். பொன்னாத்தாள் எடுக்க மாட்டேன் என்றாள். புத்தகம் வகுப்பைவிட்டுப் போனது. அடுத்த கோடையில் அவளைச் சங்ககிரிக்கு மாற்றினார்கள்.

சங்ககிரியில் அவள் குடியிருந்த தெருவின் முனையில் நிலக்கடலை உடைக்கும் கிட்டங்கி ஒன்று இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அன்று உடைத்த பருப்பை எடைபோடுவார்கள். தங்கள் முறை வரும்வரை பெண்கள் வாசலில் குந்திக் காத்திருப்பார்கள். பொன்னாத்தாள் அந்தப் பக்கமாக நடக்கப் போவாள். பிறகு புத்தகத்தையும் எடுத்துப்போக ஆரம்பித்தாள். பிள்ளைகளைவிட அந்தப் பெண்கள்தான் அதைப் பார்த்து அதிகம் சிரித்தார்கள். ஒடக்கானைக் கண்டு ஒருத்தி கல்லை எடுப்பதுபோல் பாவனை செய்தாள்.

அவர்களில் மாரியாயி எழுத்தை வேகமாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக இருந்தவள், பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். மண்ணில் குச்சியால் எழுதிப் பார்ப்பாள், காலால் அழித்துவிட்டு மறுபடியும் எழுதுவாள். யுத்தம் வந்து எல்லாச் சாமானும் கிராக்கியான காலத்தில், ஓர் ஐப்பசி மழையில் அவள் குடிசைச் சுவர் சரிந்தது. கிட்டங்கி முதலாளி வெளியூர்க்காரர். அவரிடம் எதைக் கேட்பதானாலும் எழுதிக் கணக்குப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். அதுவரை மாரியாயி இன்னொருவர் கையைத்தான் எதிர்பார்ப்பாள். இந்தத் தடவை தானே எழுதினாள். மழையில் ஊடு உழுந்து போச்சு, மூங்கில் வேண்டும் என்று.

கணக்குப்பிள்ளை அதைக் கிட்டங்கியே கேட்க உரக்கப் படித்தார்.

"உளுந்து போச்சா? வடைக்கு ஊறப் போட்டதா, இட்டிலிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். கூட உட்கார்ந்து படித்தவர்களும் சிரித்தார்கள்.

மாரியாயி நேராகப் பொன்னாத்தாள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. புத்தகத்தைப் படியில் வைத்தாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, நீங்க அச்சடிச்சுக் குடுத்த மாதிரித்தானுங்க எழுதினேன்? எழுத்துத் தெரியாதவளா இருந்தப்பக்கூட ஒருத்தனும் என்னைப் பார்த்து இப்படிச் சிரிச்சதில்லீங்க."

"மாரியாயி, உள்ள வாங்க."

"வரலீங்க."

அவள் போய்விட்டாள். பொன்னாத்தாள் அன்று நடக்கவில்லை. அவளை அறிந்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். ஜானகியம்மாள் சொன்ன சொல் ஒவ்வொன்றும் திரும்பத் திரும்ப வந்தது. சிரிக்கப்போவது யாரைப் பார்த்து என்று அவர் அன்றே சொன்னார். தனக்கு அது காதில் ஏறவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் இல்லாமல் மாரியாயி எழுதவே கற்றிருக்க மாட்டாள் என்பதும் பொய்யில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அவளால் தூங்க முடியவில்லை.

வார முடிவில் சேலம் போய் ஜானகியம்மாளைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"நீங்க சொன்னது பாதி சரிங்க. அதை ஒத்துக்கத்தான் வந்தேன்."

"மீதிப் பாதி?"

"அது இன்னும் எனக்கே பிடிபடலீங்க."

ஜானகியம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிடிபட்டதும் கொண்டுவாங்க. அந்தப் பொண்ணுக்கு மூங்கில் கிடைச்சதா?" என்று மட்டும் கேட்டார். கிடைக்கவில்லை. பொன்னாத்தாள் அங்கிருந்து நேராக அம்மாசியிடம் போனாள்.

புதுப் பக்கத்தில் அதே வீடு இருந்தது. ஆனால் வாசலில் இப்போது ஒரு பெண் வாயைத் திறந்து நின்றாள். அவள் வாயருகே சின்ன எழுத்தில் ஊடு. வீட்டுக்குக் கீழே பெரிய எழுத்தில் வீடு. இலைக்கும் உரலுக்கும் விழுவதற்கும்கூட அப்படியே: பேசுவது வாயருகே, எழுதுவது படத்துக்கடியில். வாயில் இருப்பது தப்பு என்று எங்கும் சொல்லவில்லை. அச்சடிக்கத் தாள் கிடைக்காத நாள் அது. அம்மாசி பரணிலிருந்து வெட்டாத பழைய நெய் லேபிள் தாள்கட்டு ஒன்றை இறக்கினார். அதன் வெற்றுப் பின்பக்கத்தில் புத்தகம் அச்சாயிற்று. பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால் எல்லாப் படங்களுக்குப் பின்னாலும் மாலை போட்ட மாடு மங்கலாகத் தெரியும்.

மாரியாயி பல நாள் முகம் கொடுக்கவில்லை. அவள் மூத்த மகள்தான் புத்தகத்தை வாங்கிப்போனாள். ஒரு மாலை மாரியாயியே வந்து, படியில் நின்றபடி ஒரு தாளை நீட்டினாள்.

"படிச்சுப் பாருங்க. சிரிப்பு வருதுங்களா?"

பொன்னாத்தாள் படித்தாள். மழையில் வீடு விழுந்துவிட்டது, மூங்கில் வேண்டும்.

"வரலீங்க."

"எனக்கும் வரலீங்க" என்றாள் மாரியாயி. மறுநாள் அதைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவர் அதை உரக்கப் படிக்காமல் முதலாளிக்கு அனுப்பினார். மூங்கில் வந்தது, கேட்டதில் பாதிதான் வந்தது. சுவர் எழும்பும்வரை பொன்னாத்தாள் தினமும் அங்கே போய் மண் மிதித்தாள்.

யுத்தம் முடிந்து தாள் தாராளமான பிறகு புத்தகம் நல்ல வெள்ளைத் தாளில் மறுபடியும் வந்தது. ஜானகியம்மாள் ஓய்வு பெறுவதற்கு முன் எழுதிய குறிப்பால், வகுப்பில் துணைப்புத்தகமாக வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. உத்தரவு வந்தபோது பொன்னாத்தாள் ஆத்தூருக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கிழக்கே போகப் போகப் பேச்சே வேறாக இருக்கிறதாம், அங்கே பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டுமாம்.

மாற்றல் கிடைத்து அவள் புறப்பட்ட அன்று ஆத்தூர் பஸ்ஸுக்கு அம்மாசி வந்திருந்தார். கோணியில் சுற்றிய மரக்கட்டைகளை நீட்டி, "இதையும் கொண்டுபோங்க" என்றார்.

"இங்கயே இருக்கட்டுங்க. அந்த ஊருக்கு வேற செதுக்கணும்."

"எப்பத்துக்குள்ள வேணுமுங்க?"

"முதல்ல போய்க் கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லி, இடம் காலியாக இருந்தும் உட்காராமல், முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் புறப்பட்டது.