கண்ணாடிக்கு அடங்காத படம்

அந்த டெலிவிஷன் பெட்டி எனக்கென்று வந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் இன்று யாரைக் கேட்டாலும் அது பெரிய வீட்டுப் பெட்டி என்றுதான் சொல்வார்கள்.

என் தம்பி வெளிநாட்டுக் கப்பலில் குசினி வேலை பார்த்தான். கப்பலில் இருக்கிற முப்பது பேருக்கும் சமையல், பாத்திரம், பரிமாறல் எல்லாம் குசினி ஆட்கள் பொறுப்பு. எழுபதுகள் முடியப்போகிற சமயம், லீவில் வந்தவன் சிங்கப்பூரில் வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்றைத் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் ஓட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினான். "எக்கா, இது உனக்கு" என்றான். அம்மா செத்தபோது அவனுக்கு நான்கு வயது. சோறு ஊட்டியவள் நான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அப்போது கரண்டு கிடையாது. என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மூத்தார், இரண்டு தெரு தள்ளி மச்சு வீட்டில் இருந்தார்; எங்களுக்கு அதுதான் பெரிய வீடு. கப்பல் ஏஜென்டு ஆபீசில் பெரிய வேலை. இங்கிலீஷ் பேப்பர் படிப்பார். "கரண்டு வாரவரைக்கும் பெட்டி இங்கன இருக்கட்டும், வந்ததும் தூக்கிட்டுப் போங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. மூத்தார் தம்பி பெண்டாட்டியிடம் நேரே பேசுவது எங்களில் வழக்கமில்லை. அவர் உட்கார்ந்திருக்கிற ஹாலுக்குள் நான் காலெடுத்து வைப்பதும் வழக்கமில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் என் ஓரகத்தி, அதாவது அவர் பெண்டாட்டி, நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லுவாள்.

தம்பிதான் பெட்டியை அங்கே கொண்டுபோய் மாட்டினான். மூத்தார் ஆபீஸ் போயிருந்த பகல் நேரம் அது. நானும் பக்கத்தில் நின்றேன். பெட்டியின் முதுகில் வரிசையாக மூன்று சின்ன ஓட்டைகள். ஒரு பிளாஸ்டிக் குச்சியை விட்டு அவன் திருகத் திருக, கண்ணாடியில் இருந்த வெளிச்சம் நீண்டது, குறுகியது. "இதுக்குள்ள இரும்பு எதையும் விட்டிராத எக்கா, தூக்கி அடிச்சிரும்" என்றான். நான் எதற்கு அதற்குள் கையை விடப்போகிறேன் என்று சிரித்தேன்.

அவன் கப்பலுக்குப் போன பிறகு மூத்தார் ஆசாரியைக் கூப்பிட்டுப் பெட்டிக்கு ஒரு மரக்கூடு செய்யச் சொன்னார். அந்த ஆசாரி காலமெல்லாம் மாதா சுரூபத்துக்கும் அந்தோனியார் சுரூபத்துக்கும் கூடு செய்தவர். அவருக்குத் தெரிந்தது அதுதான். மேலே வளைவு, வளைவின் ஓரத்தில் அலை அலையாகச் செதுக்கல், இரண்டு பக்கமும் தூண், முன்னால் இரட்டைக் கதவு. பின்பக்கம் மட்டும் திறப்பு. புதிதாக வந்த ஒரு கிழவி கும்பிட்டுவிட்டே போனாள். வளைவு கண்ணாடியின் மேல் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மறைத்தது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை. அந்த நாளில் தூத்துக்குடியில் பார்க்க என்ன இருந்தது? காற்று வாகாக அடிக்கிற சில நாள் இலங்கைப் படம் வரும். அதுவும் மழைக்குள் ஆள் நடப்பதுபோல. தலை எங்கே முடிகிறது, கால் எங்கே முடிகிறது என்று எவனுக்குத் தெரியும்?

மூன்று மாதத்தில் எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்தது. மேசையை ஒதுக்கி, ஜன்னல் பக்கம் இடம் பண்ணி வைத்தேன். என் வீட்டுக்காரர் அண்ணனிடம் போய் நின்றார். "கூட்டுக்குள்ள வச்சு ஆணி அடிச்சிருக்கு, பாப்போம்" என்று பதில் வந்தது. அடுத்த மாதமும் பாப்போம். நான் தினமும் காலையில் போய், ஹாலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து என் பெட்டியைத் துணியால் துடைத்துவிட்டு வருவேன். அது மட்டும் எனக்கு விட்டிருந்தார்கள்.

அப்போதுதான் தம்பி, கூட வேலை பார்த்த ஒருவர் கையில் இன்னொரு சாமான் கொடுத்தனுப்பினான். என் பிள்ளைகளுக்கு என்று. சோப்புப் பெட்டி போல இரண்டு திருகு வைத்த ஒரு கறுப்புப் பெட்டி. கம்ப்யூட்டர் விளையாட்டு என்றார் கொண்டுவந்தவர். டெலிவிஷனோடு அதை மாட்டினால் இரண்டு வெள்ளைக் கோடு வரும், நடுவில் ஒரு புள்ளி ஓடும், திருகைத் திருகிப் புள்ளியைத் தட்டித் தட்டி விளையாட வேண்டும். யார் எத்தனை என்று மேலே நம்பர் விழும். டெலிவிஷன் பெரிய வீட்டில் இருந்ததால் அதுவும் பெரிய வீட்டுக்கே போயிற்று. என் பிள்ளைகளுக்கு முறை வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூத்தாரின் சிநேகிதர்கள் வந்துவிடுவார்கள். ஆபீஸ்காரர்கள் இரண்டு மூன்று பேர், உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவர். நானும் ஓரகத்தியும் குசினியில் இருந்து காப்பியும் பணியாரமும் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

படம் நல்ல தெளிவு. ஆனால் நம்பரைக் காணோம். புள்ளி மேலே போனால் காணாமல் போய், கொஞ்சம் கழித்து வேறு பக்கம் இறங்கி வரும். யார் ஜெயித்தது என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சண்டை.

"அண்ணாச்சி, உங்க பெட்டிக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணுமில்லையே" என்றார் கருப்பட்டிக்காரர்.

"ஆசாரி பண்ணுன வேலை" என்றார் மூத்தார். மறுநாளே ஆசாரி வந்து அலைச் செதுக்கலை எல்லாம் வாளால் அறுத்து எடுத்தார். இப்போது கண்ணாடி முழுசும் தெரிந்தது. அப்புறமும் நம்பரைக் காணோம்.

எனக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. குசினிக் கதவிடுக்கில் நின்றால் பெட்டி சாய்வாகத் தெரியும். மாலையில் தெரு விளக்கெல்லாம் எரியத் தொடங்கியதும் கரண்டு இறங்கும். அப்போது படம் நாலு பக்கமும் உள்ளே சுருங்கி, சுற்றிக் கறுப்பு விழும். பெட்டி கெட்டுப்போகும் என்று மூத்தார் ஓடிப்போய் அணைத்துவிடுவார். அவர் எழுந்து போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் இரண்டு தடவை பார்த்தேன். மேலே ஏழு என்று ஒரு நம்பர், நாலு என்று ஒரு நம்பர். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத்தான் படிக்க வராது, நம்பர் நன்றாகத் தெரியும். அப்படியானால் நம்பர் தொலைந்துபோகவில்லை. படம் கண்ணாடியைவிடப் பெரிதாக இருக்கிறது, ஓரம் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே விழுகிறது. சுருக்கினால் உள்ளே வந்துவிடும்.

ஓரகத்தியிடம் சொன்னேன். அவள் போய் அவரிடம் சொன்னாள். "அவளை மீன் அடிப்பிடிக்காமப் பாக்கச் சொல்லு" என்று ஹாலில் இருந்து குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைத் தாங்கிக்கொண்டேன். அதற்குப் பழக்கம் உண்டு.

அடுத்த ஞாயிறு சண்டை முற்றிவிட்டது. கருப்பட்டிக்காரர் பத்து ஆட்டமும் தானே ஜெயித்ததாகச் சொல்ல, மூத்தாருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. விளையாட்டுப் பெட்டியைத் தள்ளிவிட்டார்.

"கப்பல்ல எச்சிச் சட்டி கழுவுதவன் கொண்டாந்த பெட்டி வேற எப்பிடி இருக்கும்? எவனோ தூரப்போட்டதைப் பொறுக்கிட்டு வந்திருக்கான். ஏளா, அவகிட்டச் சொல்லு, நாளைக்குக் காலைல இந்த ஓட்டைப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிரணும். கூட்டையும் சேத்து."

என் வீட்டுக்காரரும் ஹாலில்தான் இருந்தார். வாயே திறக்கவில்லை. ஆனால் அவர் கண் குசினிக் கதவுப் பக்கம் வந்தது. சும்மா இரு, பெட்டி வந்துவிட்டது என்று அந்தக் கண் சொன்னது. எனக்கு விளங்காமல் இல்லை. ஒரு ராத்திரி பொறுத்தால் போதும். ஜன்னல் பக்கம் ஒதுக்கிய இடத்துக்கு என் பெட்டி வந்துவிடும், நானே சாவகாசமாகத் திருகிக்கொள்ளலாம்.

ஆனால் எச்சில் சட்டி என்று சொன்னாரே. நாலு பேர் சிரித்தார்களே.

அகப்பை ஒன்றின் மூங்கில் காம்பை எடுத்து மீன் அரிகிற கத்தியால் நுனியைத் தட்டையாகச் சீவினேன். அடுப்புக் கரி ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஹாலுக்குள் நடந்தேன். யாரையும் பார்க்காமல் கூட்டுக்குப் பின்னால் போய், சுவருக்கும் அதற்கும் இருந்த இடுக்கில் புகுந்தேன். மூன்று ஓட்டையிலும் திருகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று முதலில் கரியால் கோடு போட்டேன். தப்பாகப் போனால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமே.

முதல் ஓட்டை.

"ஐயையோ, படம் அலை மாதிரி மேல ஓடுது" என்றாள் ஓரகத்தி. கோட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன்.

இரண்டாவது. "மேல் பாதி இழுத்துக்கிட்டுப் போகுது. ஏளா, கெடுத்திராத!" அதையும் பழையபடி விட்டேன்.

மூன்றாவதை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். எனக்கு எதிரே சுவர் மட்டும்தான்.

"தெரியுது தங்கச்சி!" என்று கருப்பட்டிக்காரர் கத்தினார். "நம்பர் தெரியுது! எனக்கு ஒம்பது, அண்ணாச்சிக்கு ரெண்டு!"

வெளியே வந்து, முதல் தடவையாக மூத்தாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். "அத்தான், என் தம்பி பொறுக்கிட்டு வரலை. கடையில வாங்கினது" என்றேன். அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். கருப்பட்டிக்காரர் மட்டும் "இன்னொரு ஆட்டம் போடுவோமா அண்ணாச்சி, இனிமே ஏமாத்த முடியாதுலா" என்றார்.

அன்று மாலையே ஓரகத்தி வந்து சொன்னாள்: "நல்ல பெட்டியா இருக்கு, இங்கனயே கிடக்கட்டுங்காரு. நீ ஒண்ணும் சங்கடப்படாத."

அவள் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்ளா இப்பிடிச் செஞ்ச? நாளைக்கு நம்ம வீட்டுக்கு வந்திருக்கும்லா."

"என் தம்பியை எச்சிச் சட்டின்னு சொன்னாரு."

"சொன்னா சொல்லிட்டுப் போறாரு. அண்ணன்தான்."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் எதுக்கு அங்கன போறேன்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. பெட்டியைத் தானே சரி பண்ணியதாக மூத்தார் ஆபீசில் சொல்லிக்கொண்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். காலையில் துடைக்கப் போவதை நான் நிறுத்திவிட்டேன்.

மறு வருஷம் தம்பி லீவில் வந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். தலைக்கு மேலே குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"எக்கா, பெட்டி எங்க?"

"பெரிய வீட்டுல."

"கரண்டுதான் வந்திருச்சே?"

உண்மையைச் சொன்னால் அந்த வார்த்தையையும் சொல்ல வேண்டும். அதை அவன் காதில் போட எனக்கு மனசு வரவில்லை. போட்டால் எழுந்து போய் அடித்தும் இருப்பான்.

"நாந்தான் அங்கன இருக்கட்டும்னு சொன்னேன். எனக்கு அதையெல்லாம் பாக்க ஏது நேரம்?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். குழம்பு ஊற்றப் போனேன், கையை மேலே வைத்து மறைத்துக்கொண்டான்.

"பிடிக்கலைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா எக்கா" என்றான்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கப்பலில் இருந்து வந்தான். பிள்ளைகளுக்குத் துணி கொண்டுவருவான், என் வீட்டுக்காரருக்கு வாட்ச் கொண்டுவந்தான். எனக்கென்று ஒன்றும் வரவில்லை. கேட்டவர்களிடம், அக்காவுக்கு நம்ம சாமான் பிடிக்காது என்று சிரித்துக்கொண்டே சொல்லுவான். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். சாகிற வரைக்கும் அவன் அப்படித்தான் நினைத்திருந்தான். மூத்தாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யார் மனசும் நோகாது என்பதால் எழுதுகிறேன். அவன் கொடுத்ததை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.