ஒல்லி டயர் சத்தம்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, அந்த ரேஸ் சைக்கிள் ஒரு சாவு வீட்டிலிருந்து கிடைத்தது. சாவு வீட்டுப் பொருளை வாசலில் நிறுத்த விடமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டதால், அது எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் சாய்ப்பில், ஒரு உரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. எனக்கு அப்போது ஒன்பது வயது. சாக்குக்குள் அது மூச்சு விடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். விறகெடுக்கப் போனால் அதற்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வருவேன்.

சைக்கிள் மாமாவின் கூட்டாளியுடையது. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, பதுளையில் ஒரே கடைக்கு வேலைக்குப் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு இறங்கும் ரோட்டில் இரண்டு பேரும் பந்தயம் விடுவார்கள். கூட்டாளிதான் எப்போதும் முன்னால் போவார். ஒரே ஒரு நாள் மாமா முந்திவிட்டார். அன்று தூறல். பெரிய வளைவில் தார் வெடித்திருந்த இடத்தில் கூட்டாளியின் ஒல்லியான முன் டயர் இறங்கி, ஆளைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டது. முந்திய சந்தோஷத்தில் மாமா திரும்பியே பார்க்கவில்லை. டவுனுக்குப் போய், சிரித்தபடி அங்கே காத்துக்கொண்டு நின்றாராம். இது நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த அண்ணன் சைக்கிளிலிருந்து விழுந்து செத்துப்போனார் என்பது மட்டும்தான்.

அவருடைய அம்மா, "வீட்டுல வச்சுப் பாக்க முடியலப்பா, நீயே ஓட்டு" என்று சைக்கிளை மாமாவிடம் கொடுத்துவிட்டார். மாமா வளைந்த சக்கரத்தை மாற்றினார். சித்திரைப் புத்தாண்டுக்கு நடக்கும் சைக்கிள் போட்டிக்குப் பெயரும் கொடுத்துவிட்டு வந்தார். போட்டி அதே ரோட்டில்.

"அந்த ரோடு ஒருத்தன எடுத்தது போதாதா?" என்று அம்மா கத்தினார். மாமா பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தார். அப்பாதான் நடுவில் புகுந்தார். அவர் தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். டயர் என்று வந்துவிட்டால் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "ஓட்டுறதுன்னா ஓட்டு. ஆனா அந்த ஒல்லி டயரக் கழட்டிட்டு, அகலமா மாட்டி ஓட்டு" என்றார்.

பதுளையில் சைக்கிள் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். "கொஞ்சம் பெருசு போடலாம் தம்பி. ரொம்பப் பெருசு போட்டா பிரேக்ல உரசும். காத்தையும் கல்லு மாதிரி அடிக்காதீங்க. ஒடஞ்ச ரோட்டுல டயர் கொஞ்சம் மெத்துன்னு இருந்தாத்தான் புடிச்சு ஓடும்" என்றார்.

மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒல்லி டயர்தான் வேகம் என்று அவர் கூட்டாளி அடித்துச் சொல்வாராம். ஆகவே இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது என்றும், கணக்கெடுக்கும் வேலை எனக்கு என்றும் முடிவானது. மாமா தன் போனை என் கையில் கொடுத்தார். அவர் மேலே இருந்து விசில் அடித்ததும் நான் அதில் ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். பெரிய வளைவில் என்னைத் தாண்டியதும் மறுபடி அமுக்க வேண்டும்.

ஒல்லி டயரில் அவர் இறங்கியது நல்ல வெயில் நாளில். ஆள் தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. நீளமான துணியை யாரோ ஒரே இழுப்பில் கிழித்துக்கொண்டே வருவது போல ஒரு சத்தம். பல் கூசியது.

அகல டயரில் இறங்கிய நாள் அப்படி இல்லை. மதியமே பனிமூட்டம் இறங்கி, எதிர்ப்பக்கத் தேயிலைச் செடிகளைக்கூட மறைத்துவிட்டது. நான் வளைவில் தனியாக நின்றேன். பறவைச் சத்தம்கூட இல்லை. மேலே விசில் கேட்டது. அமுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் துணி கிழியும் அந்தச் சத்தம் வந்தது. நெருங்கியது. என் முன்னால் விர்ரென்று போனது. பாவாடை காற்றில் அடித்துக்கொண்டது. ரோட்டுத் தண்ணீர் தெறித்து என் கெண்டைக்காலில் சில்லென்று பட்டது. நான் அமுக்கினேன். மாமாவை ஏன் பார்க்கவில்லை என்று யோசித்தபோது, பனியில் மறைந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பிறகு பனிக்குள்ளிருந்து, ஒரு சத்தமும் இல்லாமல், மாமா வந்தார். மேலேயிருந்து வந்தார்.

"அமுக்கிட்டியா பாப்பா?"

"நீங்க போனப்பவே அமுக்கிட்டேனே மாமா."

"எங்க போனேன்? இப்பத்தானே வாறேன்."

"முதல்ல போனீங்களே. தண்ணிகூடத் தெறிச்சுச்சு."

மாமா என் காலைப் பார்த்தார். போனை வாங்கிப் பார்த்தார். சைக்கிளைச் செடியில் சாய்த்துவிட்டு, தார் வெடித்திருந்த இடத்தில் குந்தி, உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைப்பது போல இருந்தது.

"அவன் எப்பவும் எனக்கு முன்னாடிதான் போவான்" என்றார். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

எந்த டயர் வேகம் என்பது கடைசிவரை தெரியாமலே போனது. ஆனாலும் மாமா அகல டயரையே வைத்துக்கொண்டார். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "சத்தம் போடாது மச்சான். வேற சத்தம் வந்தா கேக்கும்" என்றார். லொறி, பஸ் சத்தத்தைச் சொல்கிறார் என்று அப்பா மெச்சிக்கொண்டார்.

போட்டியன்று காலையில் நானும் அப்பாவும் அதே வளைவில் நின்றோம். இரவு மழையில் ரோடு அரித்து, கல் கிளம்பிக் கிடந்தது. ஒல்லி டயர்க்காரர்கள் மேலேயே பஞ்சராகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதாகக் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். முதல் ஆளாக மாமா வந்தார். பின்னால் வெகுதூரத்துக்கு யாரும் இல்லை. நான் குதித்தேன்.

வளைவுக்கு வந்ததும் மாமா பிரேக்கைப் பிடித்தார். ரோட்டோரமாக ஒதுங்கினார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, திரும்பி, வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போடா! போ!" என்று அப்பா தொண்டை கிழியக் கத்தினார். மாமாவின் காதில் விழவில்லை. அவர் பார்வை மெதுவாக, மேலிருந்து கீழாக, எதையோ வழியனுப்புவது போல ரோட்டோடு நகர்ந்து போனது. அதற்குப் பிறகுதான் நிஜமாகவே இரண்டு பேர் வந்து, அவரைத் தாண்டிப் போனார்கள்.

திரீவீல் பிடித்து டவுனுக்குப் போனபோது, மாமா மூன்றாவதாக வந்து, கையில் சோடாவுடன் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

"யாருக்கு மாமா வழி விட்டீங்க?"

"பின்னால வந்தான்ல, அவனுக்குத்தான்" என்றார் மாமா. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது.

முதல் பரிசு வாங்கியவனைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பரிசளிப்பு முடியும்வரை, ஒரு பாவமும் அறியாத அந்தப் பையனையே முறைத்துக்கொண்டிருந்தேன்.