எங்க மொற எப்ப?

நான்கு வருடங்களுக்கு முன்பு மயிலாப்பூரில் இருந்து தினமும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைசி வருடம். எங்கள் பெண்கள் கால்பந்து அணிக்கு நான்தான் கேப்டன். என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்குக் குரல் பெரிது, அதனால் பதவி கிடைத்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கல்லூரி எங்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு செட் ஜெர்சி. மேட்ச் முடிந்ததும் பதினாறு சட்டைகளையும் ஒரு பெரிய பையில் திணித்து, முறை வைத்து ஒருத்தி வீட்டுக்கு எடுத்துப் போவாள். துவைத்து, காயவைத்து, மடித்து அடுத்த மேட்சுக்குக் கொண்டுவர வேண்டும். யாருக்கு எப்போது முறை என்று நான் எழுதிய பட்டியல் விளையாட்டு அறைக் கதவில் ஒட்டியிருக்கும்.

இரண்டாவது மேட்ச் முடிந்ததும் முறை எங்கள் இடது விங் ஆட்டக்காரிக்கு வந்தது. முதல் வருட மாணவி, பட்டினப்பாக்கத்துப் பெண். அவளுடைய அம்மா அங்கே ரோட்டோரம் மீன் கடை போட்டிருந்தார். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால். பந்து அவளிடம் போய்விட்டால் எனக்குப் பாதி பயம் போய்விடும். சொன்ன நாளில் பையைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு சட்டையும் கடையில் வாங்கியதுபோல மடித்திருந்தது.

அவள் அந்தப் பக்கம் போனதும் இரண்டு பேர் என்னிடம் வந்து, "கருவாட்டு வாடை அடிக்குதுடி, எப்படிப் போட்டுக்கறது?" என்றார்கள். நான் சட்டையை எடுத்து மோந்துகூடப் பார்க்கவில்லை. வாடை இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் மனசு நோகக் கூடாது, இவர்களும் முணுமுணுக்கக் கூடாது என்று ஒரு யோசனை செய்தேன். மறுநாள் புதுப் பட்டியல் ஒட்டினேன். அதில் அவள் பெயர் இல்லை. "உங்க ஏரியால தண்ணி கஷ்டம்ல, அதான்" என்று அவளிடம் சொன்னேன். எவ்வளவு நாசூக்காக முடித்துவிட்டேன் என்று எனக்கே பெருமை.

"சரி கேப்டன்" என்றாள். சாந்தோமில் இருந்து வரும் எங்கள் கோல்கீப்பர் வீட்டிலும் அதே லாரித் தண்ணீர்தான். கோல்கீப்பர் பெயரை நான் பட்டியலில் இருந்து எடுக்கவில்லை. அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்?

அதற்குப் பிறகு அவள் தன் ஜெர்சியைப் பையில் போடவே இல்லை. கையோடு ஒரு பிளாஸ்டிக் கவர் கொண்டுவந்து, அதில் சுருட்டி எடுத்துப் போய்த் தனியாகத் துவைத்துக்கொண்டாள். பார்த்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் அவள் அடித்த கோலில்தான் ஜெயித்தோம். எல்லோரும் கட்டிப்பிடிக்க ஓடினோம். அவள் இரண்டு அடி பின்னால் போய், எட்ட நின்றே எங்கள் கையைத் தட்டினாள்.

ஃபைனலுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் பயிற்சிக்கு வரவில்லை. போனும் ஸ்விட்ச் ஆஃப். இரண்டாம் நாள் சாயங்காலம் நானே பட்டினப்பாக்கம் போனேன். அவள் மனசுக்காகப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஃபைனலுக்காகப் போனேன்.

கடையில் இருந்த அவள் அம்மா, நான் யாரென்று சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். "நீதான் கேப்டனா? உன் பேச்சுதான் எங்க வூட்ல. கால் வலின்னு படுத்துக்கினு கீறா, வா" என்று பக்கத்துக் கடைக்காரம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஒரே அறை. அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். காலில் ஒன்றும் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

அம்மா எனக்கு டீ கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் கண்ணு, சட்டை மூட்டை அப்புறம் எங்க வூட்டுக்கு வரவேயில்லியே? எங்க மொற எப்ப?"

அவர் அலமாரியில் இருந்து ஒரு சரம் ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். "போன தபா சோப்புதான் போட்டேன். வெளிய கருவாடு காயற எடமாச்சேன்னு வூட்டுக்குள்ளயே ஃபேனு போட்டு ரெண்டு நாளு காய வெச்சேன். இந்த வாட்டி இத்தப் போட்டு அலசலாம்னு வாங்கி வெச்சிக்கீறேன்."

அப்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல், "காலேஜ்லயே மிஷின் வாங்கிட்டாங்கம்மா. இனிமே யாரும் எட்துனு வர வேணாம்" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் எப்போதும் தலையாட்டியதில்லை. தெருமுனை வரை அவள் என்னோடு வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அழுகையும் வந்துவிட்டது. அவள் அழவில்லை. "நாளைக்கு வர்றேன் கேப்டன்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தாள், ஆடினாள். ஃபைனலில் ஒரு கோலில் தோற்றோம். சீசனின் கடைசி மூட்டை. எல்லோர் முன்னாலும் பையை அவளிடம் நீட்டி, "இந்த வாட்டி உன் முறை" என்றேன். உள்ளுக்குள், தப்பைச் சரிசெய்துவிட்டோம் என்ற நினைப்பு எனக்கு.

அவள் பையை வாங்கவில்லை. "வேணாம் கேப்டன். மிஷின் வந்துச்சுன்னு அம்மா நம்பிக்கினு கீது. இப்ப இத்த எட்துனு போனா, நடுவுல ஏன் வரலன்னு கேக்கும். நா இன்னா சொல்றது?" என்று தன் ஜெர்சியைச் சுருட்டிக் கவரில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

அந்த மூட்டையை நான்தான் துவைத்தேன், பதினைந்து சட்டை. இப்போது தி. நகரில் ஒரு அலுவலகத்தில் எனக்குக் கீழே எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். யாரையாவது மனசு நோகாமல் ஒதுக்கிவிட ஒரு நல்ல காரணம் என் வாயில் வரும்போதெல்லாம் அந்த அம்மா "எங்க மொற எப்ப?" என்று கேட்டது காதில் விழுகிறது.